மெர்க்ஸா, போகாச்சாரா? தண்டையார்பேட்டை சைக்கிள் கடையிலிருந்து ஒரு பதில்

கேள்வி கேட்டவன் வியாசர்பாடித் தம்பி ஒருவன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எங்களோடு எண்ணூர் வரை சைக்கிள் ஓட்ட வருகிறவன். "அண்ணே, உலகத்துலயே பெரிய ரோடு ரேஸர்னு பத்துப் பேரை வரிசையா சொல்லுங்க. மெர்க்ஸ்தான் முதல்னு எல்லாரும் சொல்றாங்க. போகாச்சார் இன்னுமா அவரைத் தாண்டல?" என்றான். டீக்கடையில் நின்றபடி நாலு பெயர் சொல்லிச் சமாளித்தேன். அவன் விடுவதாக இல்லை, எழுதியே கொடுங்கள் என்றான். சரி, எழுதுகிறேன். 2025 சீசன் முடிந்த கையோடு எழுதுவதால் கணக்கெல்லாம் அதுவரைக்கும்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. அப்பா தண்டையார்பேட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மணிக்கணக்கை நோட்டில் எழுதிவைத்து சைக்கிள் விடுவார். இப்போது வாடகைக்கு எடுக்க ஆளில்லை, நான் ரிப்பேர் மட்டும் பார்க்கிறேன். பஞ்சர், கோட்டம், ஓவராயில். கடல் உப்புக்காற்றின் புண்ணியத்தில் செயினும் ஸ்போக்ஸும் சீக்கிரமே துருப்பிடிப்பதால் வேலைக்குக் குறைவில்லை. வாலிப வயசில் சில ரேஸ் ஓட்டியிருக்கிறேன். ஒன்றிலும் முதல் வந்ததில்லை.

வரிசை போடுவதற்கு முன்னால் எதை வைத்து அளப்பது என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் செய்வது ஒரே வேலைதான்: டூர் டி பிரான்ஸை யார் எத்தனை தடவை ஜெயித்தார் என்று எண்ணுவது. எண்ணினால் ஐந்து ஐந்து என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். ஜாக் ஆங்கெதீல், எடி மெர்க்ஸ், பெர்னார் இனோ, மிகுவேல் இந்துராயின். அப்போது நாலு பேரும் சமமா? இல்லை. நாலு பேருக்கும் நடுவில் இருக்கிற தூரம், ராயபுரத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இருக்கிற தூரம்.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் பக்கம் பாக்சிங் தெரியாத தெரு கிடையாது. பாக்சிங்கில் எடைப் பிரிவு உண்டு. அறுபது கிலோக்காரனை எண்பது கிலோக்காரனோடு மோத விடமாட்டார்கள். ரோடு ரேஸில் அந்தக் கருணை இல்லை. மலை ஏறுவதற்கென்றே பிறந்த ஒல்லிக்குச்சியும், கடைசி இருநூறு மீட்டரில் புயலாகப் பாயும் தொடை பெருத்த ஸ்பிரின்டரும் ஒரே கோட்டில் நிற்பார்கள். மலை வந்தால் எடை எதிரி. சமவெளியில், அதுவும் கருங்கல் பாவிய சாலையில், எடை நண்பன். ஆகவே விவரமான ரேஸர், தன் உடம்புக்குத் தோதான ரேஸை மட்டும் தேர்ந்தெடுத்து, மிச்சத்துக்குப் போகவே மாட்டார். இது தப்பில்லை, பிழைப்பு. ஆனால் பெரியவர் யார் என்று கேட்டால், எந்தக் கோட்டுக்கு அவர் போய் நிற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஆக என் அளவுகோல் இது: தனக்குத் தோதில்லாத ரேஸுக்கும் போய் நின்றாரா? நின்று ஜெயித்தாரா?

அந்தக் கோடுகள் என்னென்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் ஓடும் பெரிய ரேஸ்கள் மூன்று: பிரான்ஸின் டூர், இத்தாலியின் ஜிரோ, ஸ்பெயினின் வுவெல்டா. நாளுக்கு ஒன்றாக 21 ஸ்டேஜ், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், எல்லா நாளின் நேரத்தையும் கூட்டிக் குறைந்த நேரம் எடுத்தவர் ஜெயிப்பார். அப்புறம் ஒரே நாளில் முடியும் பழம்பெரும் ரேஸ்கள் ஐந்து. மானுமென்ட் என்பார்கள். மார்ச்சில் மிலான்–சான் ரேமோ, கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர், ஸ்பிரின்டருக்கும் வாய்ப்புள்ளது. ஏப்ரலில் மூன்று. கல் பாவிய குட்டி மேடுகள் நிறைந்த ஃபிளாண்டர்ஸ், கரடுமுரடான கருங்கல் சாலைக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே, 1892 இல் தொடங்கிய மூத்த ரேஸான லியேஜ்–பஸ்தோன்–லியேஜ். அக்டோபரில் இத்தாலியில் லோம்பார்தியா. இவற்றோடு உலக சாம்பியன்ஷிப். ஐந்து மானுமென்டையும் ஜெயித்த ஆண்கள் மொத்தமே மூன்று பேர். ரிக் வான் லூய், மெர்க்ஸ், ரோஜர் டி விளாமிங்க். மூவரும் பெல்ஜியம்.

இன்னொன்று. தனியாக ஓட்டுவதற்கும் கூட்டத்துக்குள் ஓட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் இந்தப் பெரிய மனிதர்கள் செய்ததன் எடை புரியாது. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிய பிறகு எண்ணூர் விரைவுச்சாலையில் காசிமேட்டுப் பக்கமாகத் திரும்பி ஓட்டிப் பாருங்கள். காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அப்போது முன்னால் ஒரு மீன்பாடி வண்டி, தெர்மோகோல் பெட்டி அடுக்கிக்கொண்டு போனால், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டால் போதும், திடீரென்று கால் லேசாகிவிடும். காதில் இரைச்சல் நின்றுவிடும். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி நம் முழங்காலில் விழும், மீன் நாற்றம் குடலைப் புரட்டும், ஆனாலும் விட மனசு வராது. கூட்டத்துக்குள் ஓட்டுகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பாவது மிச்சம். (கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் இதைச் செய்யாதீர்கள். அது பிரேக் போட்டால் நாம் போஸ்டர்.) அதனால்தான் ஒருவர் கூட்டத்தை விட்டு நூறு கிலோமீட்டர் முன்னாலேயே தனியாகக் கிளம்பினார் என்று கேள்விப்பட்டால் நாங்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுகிறோம்.

இப்போது மெர்க்ஸ். இவரைப் பற்றிச் சொல்லும்போது நம்பரே பொய் மாதிரி இருக்கும். தொழில்முறையில் 445 வெற்றி, அமெச்சூர் காலத்தையும் சேர்த்தால் 525. டூர் ஐந்து, ஜிரோ ஐந்து, வுவெல்டா ஒன்று. தொழில்முறை உலக சாம்பியன் மூன்று தடவை. மானுமென்ட் மட்டும் 19, அதில் சான் ரேமோ ஏழு. 1971 இல் ஒரே வருஷத்தில் 54 ரேஸ் ஜெயித்தார். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல். இன்றைக்கு வருஷத்துக்கு ஐந்து ஜெயித்தாலே நல்ல சீசன் என்பார்கள். 'நரமாமிசம் தின்பவன்' என்று பட்டப்பெயர் வைத்தது சும்மா இல்லை. சின்ன ரேஸையும் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்.

1969 டூர். அவருக்கு முதல் டூர், வயசு 24. பிரனீஸ் மலையில் நடந்த பதினேழாவது ஸ்டேஜுக்கு வரும்போதே எட்டு நிமிஷத்துக்கு மேல் முன்னிலை, மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சி உடம்பில். நீங்களோ நானோ என்றால் கூட்டத்துக்குள் ஒளிந்து பத்திரமாகப் பாரிஸ் போய்ச் சேருவோம். இவர் டூர்மலே மலை உச்சியில் தனியாகப் பிரிந்து, நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தை ஒற்றை ஆளாக ஓட்டி, மூரன் என்கிற ஊரில் போய் நின்றார். அடுத்தவர் வரக் கிட்டத்தட்ட எட்டு நிமிஷம் ஆயிற்று. மொத்த ரேஸை 17 நிமிஷம் 54 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மஞ்சள் ஜெர்சி, புள்ளிக் கணக்கில் முதல்வருக்கான பச்சை ஜெர்சி, மலையேற்றத்துக்கான மலை அரசன் பட்டம் மூன்றும் அவருக்கே. டூர்மலே 2,115 மீட்டர் உயரம். எங்களுக்கு மலை என்றால் எர்ணாவூர் மேம்பாலம். அதை ஏறி இறங்கினாலே தண்ணீர் பாட்டிலைத் தேடுகிறோம்.

ஆனால் மெர்க்ஸை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அந்த டூர் இல்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்து நடந்தது. செப்டம்பரில் பிரான்ஸின் புளுவா நகரத்து வட்ட மைதானத்தில் ஒரு காட்சி ரேஸ். முன்னால் மோட்டார் வண்டி வேகம் கொடுக்க, பின்னால் சைக்கிள் ஓட்ட வேண்டும். முன்னே போன ஒரு ஜோடி விழ, மெர்க்ஸும் அவருக்கு வண்டி ஓட்டிய ஃபெர்னான் வாம்ஸ்டும் மோதி விழுந்தார்கள். வாம்ஸ்ட் அங்கேயே இறந்தார். மெர்க்ஸுக்குத் தலையில் அடி, இடுப்பெலும்பு கோணிக்கொண்டது. அதற்கப்புறம் மலை ஏறும்போது வலியில்லாமல் ஓட்டியதே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஓடுகிற வண்டியிலேயே சீட்டை ஏற்றி இறக்கிப் பார்ப்பாராம்.

சைக்கிள் கடைக்காரனுக்கு இந்த விஷயம் நன்றாகப் புரியும். என் கடைக்கும் அப்படி ஒருவர் வருவார், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு விபத்தில் இடுப்பு ஒடிந்து ஒட்டியவர். சீட்டை அரை அங்குலம் ஏற்றச் சொல்வார், தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்து கால் அங்குலம் இறக்கச் சொல்வார். நானும் ஸ்பேனரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பேன். அவருக்குச் சரியான உயரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. கோணல் சீட்டில் இல்லை, உடம்பில் இருக்கிறது. மெர்க்ஸ் அந்த உடம்போடுதான் மிச்ச நாலு டூரையும், நாலு ஜிரோவையும், வுவெல்டாவையும் ஜெயித்தார்.

1972 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில் ஒரு மணி நேர சாதனைக்கு முயன்றார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்பதுதான் போட்டி. ஆறு கிலோ கூட எடையில்லாத வண்டி. ஹேண்டில்பாரில், செயினில் எல்லாம் ஓட்டை போட்டு எடை குறைத்திருந்தார்கள். 49.431 கிலோமீட்டர் போனார். அதன் பிறகு சக்கரத்தையும் வண்டியையும் மாற்றி மாற்றிப் பலர் தாண்டினார்கள். பழைய மாதிரி வண்டியில்தான் ஓட்ட வேண்டும் என்று விதி வந்ததும், 2000 இல் கிறிஸ் போர்ட்மேன் ஓட்டினார். 49.441. இருபத்தெட்டு வருஷம் கழித்து வெறும் பத்து மீட்டர் கூடுதல். எங்கள் தெருவில் நாலு வீட்டு வாசல் தாண்டியது மாதிரி.

1975 டூரில் ஒரு ரசிகர் வயிற்றில் குத்தினார். சில நாள் கழித்து விழுந்து கன்ன எலும்பு முறிந்தது. மென்று சாப்பிட முடியாது. வீட்டுக்குப் போகச் சொன்ன டாக்டர் பேச்சைக் கேட்காமல் பாரிஸ் வரை ஓட்டி இரண்டாவதாக வந்தார். ஜெயித்தது பெர்னார் தெவெனே. தோற்ற ரேஸைக்கூட விட்டு விலகாத ஆளை முதலில் வைக்காமல் வேறு யாரை வைப்பது?

ஊக்கமருந்து விஷயத்தை மறைக்கப் போவதில்லை. மெர்க்ஸ் மூன்று முறை சோதனையில் மாட்டினார். 1969 ஜிரோவில் முன்னிலையில் இருக்கும்போதே வெளியேற்றப்பட்டார். அதை இன்றுவரை மறுக்கிறார். 1973 லோம்பார்தியாவில் முதலாக வந்தும் பட்டம் பறிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் மருந்து எடுக்காதவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இதற்கென்று நான் தனியாகத் தராசு வைக்கவில்லை, ஒரே ஒருவரைத் தவிர. அவரிடம் பிறகு வருகிறேன்.

இரண்டாமிடம். இங்கேதான் எனக்கும் என் அளவுகோலுக்கும் சண்டை. மனசு சொல்வது இனோ.

பையனாக இருந்தபோது அப்பா பாரிமுனைப் பக்கம் பழைய பேப்பர் கடையில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகை வாங்கி வந்தார். எழுத்து ஒன்றும் புரியாது, படம்தான். நடுப்பக்கத்தில் ஒரு ஆள், தலையில் சிவப்புக் குல்லா, சுற்றிலும் வெள்ளையாக என்னவோ கொட்டுகிறது. எனக்கு ஐஸ் என்றால் காசிமேட்டில் மீன் மேல் கொட்டுகிற ஐஸ்தான் தெரியும். அது வானத்திலிருந்து விழும், அதற்குள்ளும் சைக்கிள் ஓட்டுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 1980 லியேஜ்–பஸ்தோன்–லியேஜ் அது. 174 பேர் கிளம்பி 21 பேர் முடித்தார்கள். மற்றவர்கள் வழியிலேயே டீம் காரில் ஏறி ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். இனோ கடைசி எண்பது கிலோமீட்டரைத் தனியாக ஓட்டி 9 நிமிஷம் 24 விநாடி முன்னதாக வந்தார். இரண்டு விரலில் உணர்ச்சி பழையபடி திரும்பவே இல்லை.

இனோ பிரிட்டனி விவசாயி வீட்டுப் பிள்ளை. முரட்டு ஆள். 1984 இல் பாரிஸ்–நீஸ் ரேஸை வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மறித்தபோது, வண்டியை விட்டு இறங்கிக் கையால் பதில் சொன்னார். (துறைமுகம், தொழிற்சங்கம் என்று வாழ்கிற ஊர்க்காரனாக அந்த ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம் இல்லை.) மூன்று வார ரேஸ்களில் மொத்தம் 13 தடவை கிளம்பியிருக்கிறார். பத்தில் முதல், இரண்டில் இரண்டாமிடம், ஒன்றில் முட்டிவலியால் விலகல். இப்படி ஒரு கணக்கு வேறு யாருக்கும் இல்லை, மெர்க்ஸுக்கும் இல்லை.

பாரிஸ்–ரூபே அவருக்குப் பிடிக்காது. வாய்விட்டே திட்டுவார். மெட்ரோ வேலைக்காக டி.எச். ரோடைத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் அதில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்த வெறுப்பு புரியும். ரூபேயில் அப்படி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் 1981 இல், உலக சாம்பியனின் வானவில் ஜெர்சியோடு போய் நின்றார். பலமுறை விழுந்தார், ஒருமுறை குறுக்கே ஓடிய கறுப்பு நாய்க்குட்டியால். (தெருநாய் நமக்கு மட்டும் வாய்த்த சொத்து இல்லை.) கடைசியில் மைதானத்துக்குள் நுழையும்போது கூட இருந்தவர்களில் டி விளாமிங்கும் மோசரும் இருந்தார்கள், இருவரும் அந்த ரேஸின் ராஜாக்கள். அவர்களை ஸ்பிரின்டில் ஜெயித்தார்.

இவ்வளவு சொல்லிவிட்டு இவரை மூன்றாவதாகத்தான் வைக்கிறேன். அளவுகோலை நாமே வைத்துவிட்டு நாமே ஏமாற்றக்கூடாது.

ததேய் போகாச்சார், ஸ்லோவேனியா. தம்பி கேட்ட ஆள். 2020 டூரில் கடைசிக்கு முந்தின நாள் வரை 57 விநாடி பின்தங்கியிருந்தார். மலை உச்சியில் முடியும் தனிநபர் நேர ஓட்டத்தில் (ஒவ்வொருவராகத் தனித்தனியே கிளம்பிக் கடிகாரத்தோடு மோதுவது) தன் நாட்டுக்காரரான ரோக்லிச்சைத் தாண்டி, பாரிஸில் 59 விநாடி முன்னிலையோடு நின்றார். மறுநாள்தான் அவருக்கு 22 வயசு முடிந்தது. அப்புறம் 2021, 2024, 2025 என்று மொத்தம் நாலு டூர். 2024 இல் ஜிரோ, டூர், உலக சாம்பியன்ஷிப் மூன்றும் ஒரே வருஷத்தில். ஆண்களில் இதைச் செய்தவர்கள் மெர்க்ஸும் ஸ்டீபன் ரோச்சும் இவரும்தான். உலக சாம்பியன்ஷிப்பில் சூரிக்கில் நூறு கிலோமீட்டர் மிச்சம் இருக்கும்போதே தாக்கினார். அடுத்த வருஷம் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்காவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில், மறுபடியும் நூறுக்கு மேல் மிச்சம் இருக்கும்போது. லோம்பார்தியா வரிசையாக ஐந்து வருஷம். லியேஜ் மூன்று, ஃபிளாண்டர்ஸ் இரண்டு. பத்து மானுமென்ட் ஆகிவிட்டது, வயசு 27.

சரி, இதெல்லாம் வெற்றிக் கணக்கு. என் அளவுகோலுக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் இவர் பாரிஸ்–ரூபேக்குப் போய் நின்றார். டூர் ஜெயிக்கும் உடம்பு, அறுபத்தைந்து கிலோ சொச்சம். கல் சாலைக்கு எழுபத்தைந்து கிலோ ஆட்கள் தேவை என்பார்கள். விழுந்து கை உடைந்தால் டூர் போச்சு. இவரைப் போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போனார், அந்த ரேஸை ஜெயித்த நெதர்லாந்தின் மாத்யூ வான் டெர் பூலோடு மல்லுக்கட்டினார், முப்பத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வளைவில் விழுந்தார், இரண்டாவதாக வந்தார். அந்த ஒரே வருஷத்தில் ஐந்து மானுமென்டிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தார். அதற்கு முன் யாரும் செய்ததில்லை. இனோ ரூபேயை ஜெயித்தார், சரி. ஆனால் ஜெயித்த பிறகு ஒருமுறை போய்விட்டுக் கும்பிடு போட்டுவிட்டார். இவர் தோற்றுவிட்டு மறுபடியும் வருகிறேன் என்கிறார்.

ஆனால் மெர்க்ஸைத் தாண்டினாரா? இன்னும் இல்லை. வுவெல்டா இல்லை, சான் ரேமோ இல்லை, ரூபே இல்லை. மானுமென்டில் ஒன்பது குறைவு. இன்றைக்குப் போட்டி கடுமை, டீம்கள் விஞ்ஞானமாக இயங்குகின்றன என்பது உண்மை. அதே விஞ்ஞானம்தான் இவருக்கும் சாப்பாடு போடுகிறது என்பதும் உண்மை. கடைச் சுவரில் பஞ்சர் ரேட்டுக்குப் பக்கத்தில் மெர்க்ஸ் பெயரைப் பெயின்டில் எழுதியிருக்கிறேன். இவருடையது சாக்பீஸில்.

நாலாவது இத்தாலியின் ஃபவுஸ்தோ கோப்பி. ஜிரோ ஐந்து, டூர் இரண்டு, லோம்பார்தியா ஐந்து. இருபது வயசில் முதல் ஜிரோ, 1940 இல். அப்புறம் போர். வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் படையிடம் கைதியானார். ஒரு வீரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் வருஷங்கள் முள்வேலிக்குள் போயின. திரும்பி வந்து 1946 சான் ரேமோவை 14 நிமிஷ வித்தியாசத்தில் ஜெயித்தார். 1949 ஜிரோவில் கூனியோவிலிருந்து பினெரோலோ வரை ஐந்து மலை தாண்டும் ஸ்டேஜில் 192 கிலோமீட்டர் தனியாக ஓட்டினார். அந்தப் போர் வருஷங்களும் அவருக்குக் கிடைத்திருந்தால் எங்கே வைத்திருப்பேனோ. ஊகத்துக்கு மார்க் போட முடியாது.

அவர் செத்த விதம் எங்கள் ஊர்க்காரனுக்குத் தாங்காது. 1959 கடைசியில் மேற்கு ஆப்பிரிக்காவில் அப்பர் வோல்டா நாட்டுக்கு ரேஸுக்கும் வேட்டைக்கும் போய்விட்டு வந்தார், காய்ச்சல் வந்தது. மலேரியா. இத்தாலி டாக்டர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1960 ஜனவரி 2 அன்று நாற்பது வயசில் இறந்தார். கூடப் போயிருந்த பிரெஞ்சு ரேஸர் ஜெமினியானிக்கும் அதே காய்ச்சல், பிரான்ஸில் கண்டுபிடித்தார்கள், பிழைத்தார். கொருக்குப்பேட்டையில் மூன்று நாள் காய்ச்சல் என்று போனால் கம்பவுண்டரே ரத்தம் எடுத்து மலேரியாவுக்குப் பார்க்கச் சொல்லியிருப்பார்.

ஐந்தாவது மரியான் வோஸ். பெண்கள் பட்டியல் தனி, ஆண்கள் பட்டியல் தனி என்று வைப்பதுதான் வழக்கம். தம்பி "பத்துப் பேர்" என்றுதான் கேட்டான், பத்து ஆண்கள் என்று கேட்கவில்லை. நெதர்லாந்துக்காரர். 19 வயசில் உலக சாம்பியன், பிறகு 2012, 2013 இலும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மழையில் ரோடு ரேஸ் தங்கம். அதற்கு நாலு வருஷம் முன்னால் பெய்ஜிங்கில் வட்ட மைதான ரேஸில் தங்கம். சேற்றில் ஓட்டும் சைக்ளோகிராஸில் எட்டு முறை உலக சாம்பியன். மொத்த வெற்றி இருநூற்றைம்பதைத் தாண்டும். எந்த மண்ணிலும் போய் நிற்பவர் என்றால் மெர்க்ஸுக்கு அடுத்து இவர்தான்.

என் அளவுகோல் தடுமாறுவதும் இங்கேதான். இவர் எந்தக் கோட்டுக்குப் போய் நிற்கவில்லை என்று கேட்டால், பல கோடுகளை இவருக்குப் போட்டே கொடுக்கவில்லை என்பதுதான் பதில். பெண்களுக்கு ரூபே 2021 இல்தான் தொடங்கியது. அதில் இவர் இரண்டாமிடம். பெண்களின் டூர் எண்பதுகளில் கொஞ்ச காலம் நடந்து நின்றுபோய், 2022 இல்தான் ஒழுங்கான உருவில் திரும்பியது. 2013 இல் இவரும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து மனு போட்டுத்தான் அடுத்த வருஷம் டூர் நடக்கும்போது பெண்களுக்கென்று ஒருநாள் ரேஸ் வந்தது. அதை ஜெயித்ததும் இவரே. தன் கோட்டைத் தானே போட்டுக்கொண்டு அதில் முதலாக வந்த ஆளை ஐந்துக்குக் கீழே இறக்க எனக்குக் கை வரவில்லை.

இங்கிலாந்தின் பெரில் பர்ட்டன் என்கிற பெண்மணியைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலில் இல்லை, காரணம் அவர் அதிகம் ஓட்டியது நேர ஓட்டங்கள். 1967 இல் இங்கிலாந்தில் 12 மணி நேர ஓட்டம். இவருக்கு முன்னால் கிளம்பிய மைக் மெக்நமாரா ஆண்களின் தேசிய சாதனையை உடைத்துக்கொண்டிருந்தார். பர்ட்டன் பின்னாலிருந்து வந்து அவரைத் தாண்டும்போது பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். பர்ட்டன் அன்று போன தூரம் 277.25 மைல், ஆண்கள் சாதனையைவிட அதிகம். பெண்கள் சாதனையாக அது ஐம்பது வருஷம் நின்றது.

மிச்ச ஐந்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறாவது இத்தாலியின் ஜினோ பார்த்தலி. டூரை 1938 இல் ஜெயித்து, நடுவில் போர் முடிந்து, 1948 இல் மறுபடி ஜெயித்தவர். போர்க்காலத்தில் பயிற்சிக்குப் போவதுபோல ஊர் ஊராக ஓட்டி, சைக்கிள் குழாய்க்குள் போலி அடையாள ஆவணங்களைச் சுருட்டி வைத்து எடுத்துப்போய் யூதர்கள் தப்ப உதவினார். சீட் போஸ்டை உருவினால் உள்ளே எவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். பீடிக்கட்டு ஒளித்து வைத்திருந்த சைக்கிளே கடைக்கு வந்திருக்கிறது. பார்த்தலி அதைப் பற்றிப் பெருமை பேசியதே இல்லை. 2013 இல், அவர் இறந்து பல வருஷம் கழித்து, இஸ்ரேலில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேம் கௌரவித்தது.

ஏழாவது டி விளாமிங்க், பதினொரு மானுமென்ட், ஐந்து வகையும், ரூபே மட்டும் நாலு. எட்டாவது அயர்லாந்தின் ஷான் கெல்லி. ஒன்பது மானுமென்ட், பாரிஸ்–நீஸ் தொடர்ந்து ஏழு, ஸ்பிரின்டராகத் தொடங்கி 1988 இல் வுவெல்டாவையே ஜெயித்தவர். ஃபிளாண்டர்ஸில் மட்டும் மூன்று தடவை இரண்டாமிடம். அந்த ஒன்று கிடைத்திருந்தால் ஏழும் எட்டும் இடம் மாறியிருக்கும்.

ஒன்பது ஆங்கெதீல், பத்து இந்துராயின். இருவருக்கும் ஐந்து டூர். திட்டுவீர்கள், தெரியும். ஆங்கெதீல் மூன்று பெரிய ரேஸையும் ஜெயித்த முதல் ஆள், ஆனால் மானுமென்ட் ஒன்றே ஒன்று. இந்துராயின் தொடர்ந்து ஐந்து டூர், அதில் இரண்டு வருஷம் ஜிரோவும் சேர்த்து. மானுமென்ட் பூஜ்யம். நேர ஓட்டத்தில் நிமிஷங்களைச் சேர்த்து, மலையில் அதைக் காவல் காப்பது அவர் பாணி. கடைக் கல்லாவில் உட்கார்ந்து பூட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பது மாதிரி. மகா வீரர்கள்தான். நான் ஒன்பதும் பத்தும் கொடுத்திருக்கிறேன், துரத்திவிடவில்லை.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் எங்கே என்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார். 1999 முதல் 2005 வரை ஏழு டூர் பட்டமும் 2012 இல் பறிக்கப்பட்டன, அந்த இடங்கள் இன்றும் காலி. மருந்து எடுத்தது ஒருபுறம். உண்மை சொன்னவர்களைக் கோர்ட்டுக்கு இழுத்துப் பிழைப்பைக் கெடுத்தார். நான் தனித் தராசு வைத்தது அவருக்காகத்தான். அதற்கும் மேலே என் அளவுகோலும் இருக்கிறது. டூரை ஜெயிக்கத் தொடங்கிய பிறகு மற்ற பெரிய ரேஸ்களை அவர் பெரிதாக மதிக்கவில்லை.

தம்பி, உன் கேள்வியின் பின்பாதிக்கு வருகிறேன். போகாச்சார் பெயரைச் சாக்பீஸிலிருந்து பெயின்டுக்கு மாற்ற எது வேண்டும்? மிலான்–சான் ரேமோவும் ரூபேயும். சான் ரேமோ மார்ச்சில், சனிக்கிழமை. நம் நேரப்படி ராத்திரி ஒன்பது ஒன்பதரை வாக்கில் முடியும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். வரும்போது பிளாஸ்க்கில் டீ வாங்கி வா. கடைசி இருபது நிமிஷத்தில் வெளியே போய் வாங்க யாரும் எழுந்திருக்க மாட்டோம்.